தலைகீழாய் நின்ற போடியம் கோட்டை

மெல்பேர்ன் பல்கலைக்கழகம் ஒன்றில் ஐரோப்பியக் கோட்டைகளைப் பற்றிப் படிப்பிக்கிற பேராசிரியர் ஹார்ட்லிக்கு, திரையில் காட்டும் சிலைட்டுப் படங்களைச் சட்டம் போட்டு அடுக்கிக் கொடுப்பது யோகராணியின் வேலை. யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவள், 1976இல் இங்கே அலையோ அலையென்று அலைந்து பிடித்த தற்காலிக வேலை. நிரந்தரமா, வீட்டுக்கா என்று இன்றைய விரிவுரை முடியத்தான் சொல்வார்கள்.

சிலைட்டின் மூலையில் சிவப்புப் பொட்டு வைப்பாள். அதைப் பார்த்துத்தான் படம் காட்டும் மிக் நேராகச் செருகுவான். நேற்றுச் சரஸ்வதி பூசை. சும்மா இருப்பாளா? சிலைட்டுப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய், குசினி அலமாரித் தட்டில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்து, முதல் சிலைட்டுக்குக் குங்குமமும் இட்டுக் கும்பிட்டாள்.

மண்டபத்தில் விளக்கு அணைந்தபோதுதான் நினைவு வந்தது. அந்த முதல் சிலைட்டுக்கு இன்னும் பொட்டு வைக்கவில்லை! பூசையில் வைத்ததை எடுத்து வேலை செய்யக்கூடாதென்று விட்டவள், காலை அவசரத்தில் மறந்துபோனாள். குங்குமம் இருந்ததோ எதிர் மூலையில். மிக் அதையே பொட்டென்று நினைத்துச் செருகியிருப்பான்.

'தாயே, என்ரை வேலை போச்சு!'

திரையில் இங்கிலாந்தின் போடியம் கோட்டை விழுந்தது. நாலு பக்கமும் அகழி. படம் தலைகீழானாலும் தண்ணீரில் தெரிந்த கோட்டையின் நிழல் நிமிர்ந்து நின்றது. பேராசிரியரும் கோபுரங்களைக் காட்டி மும்முரமாக விளக்கினார். யோகராணிக்கு மூச்சு வந்தது.

"சேர், வாத்து ஏன் ஆகாயத்தில் மல்லாந்து நீந்துகிறது?" என்றாள் ஒரு மாணவி.

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. திரும்பிப் பார்த்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "இவ்வளவு நேரமும் தண்ணீரில் தெரிந்த நிழலுக்கா பாடம் எடுத்தேன்!"

வகுப்பு முடிய யோகராணி அவரிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"படிப்புக்கென்று ஒரு தெய்வமா?" அவர் சிலைட்டைத் திருப்பிப் பார்த்தார். "தூங்குகிற வகுப்பை எழுப்பிவிட்டதே! அடுத்த வருடமும் குங்குமம் வையுங்கள். ஆனால் சரியான மூலையில்."

"அடுத்த வருடமுமா?"

"உங்களுக்கு இன்னும் சொல்லவில்லையா? வேலை நிரந்தரம்."

வெளியே ஓடிப்போய்க் கணவர் வரதராஜாவுக்குப் போன் எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, வேலை நிரந்தரமாம்!"

"பார்த்தீரே, பூசை வீண்போகேல்லை!"

"ஓம். ஆனா அந்த அறுவான் வாத்துத்தான் ஆகாயத்திலை நீந்தி என்னைக் காட்டிக் குடுத்திட்டுது," என்று சொன்னவளுக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.