றோசாலியம்மாவின் காலடியில் ஒரு சிவப்பு வெளிச்சம்

நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு இரண்டு இருக்கைக் கார் வாங்கிய மனிதர் இத்தாலியில் பலேர்மோ நகரத்தில் ஒருவர்தான் இருந்தார். பெயர் வலன்ரைன். மன்னாரில் பேசாலைக்காரர். எனக்கு இருபது வருடச் சிநேகிதர். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் அவர் வீடும் என் வீடும் எதிரெதிரே இருந்தன.

அவரைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. குடியில்லை, சீட்டாட்டம் இல்லை. கோயில் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று, சுருதியோடு ஒரு சம்பந்தமும் இல்லாமல் பாடுவார். யாரும் அவரை நிறுத்தச் சொன்னதில்லை. பூசை முடிந்ததும் கதிரைகளை எல்லாம் அடுக்கி வைப்பது அவர்தான். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு வயதான வழக்கறிஞர் வீட்டில் வேலை. சமையல், துப்புரவு, அதோடு அந்த வீட்டு எசமானி சிஞ்ஞோராவை அவர்களுடைய பெரிய காரில் டாக்டரிடமும் கடைக்கும் ஏற்றி இறக்குவது. சாரதி அனுமதிப்பத்திரம் போனால் வேலையும் போய்விடும்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் இருபது வருடம் பழைய, சிவப்பு நிற, கூரை மடிக்கிற ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். மனைவி சுஜானி மூன்று நாள் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முதலில் சுஜானியைக் கோயிலில் இறக்குவார், பிறகு மகளை, பிறகு மகனை. கோயில் நடந்தால் பத்து நிமிடம். தெரு முழுக்கச் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். பின்னேரம் விமான நிலையப் பாதையில் தனியே ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வருவார். அந்த ஒரு மணித்தியாலம் தான் யாருக்கும் வேலைக்காரன் இல்லை என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

தனியே என்றேன், அது முழு உண்மை இல்லை. பல ஞாயிறுகள் பக்கத்து இருக்கையில் நான் இருந்தேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, காது அடைக்கக் காற்று. நாள் முழுக்க அலுவலகங்களில் தரை துடைக்கிறவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் இரண்டு மாதத்தில் இரண்டு வேக அபராதம் வந்து, அனுமதிப்பத்திரத்தில் புள்ளிகளும் குறைந்தபோது, ஓட்டத்தைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் இணையத்தில் ஒரு சாமானைக் கண்டுபிடித்தார். வேகத்தைப் பிடிக்கும் ரேடார் எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே மோப்பம் பிடித்துச் சொல்லும் சின்னப் பெட்டி. இத்தாலியில் அதை விற்கவும் கூடாது, காரில் பூட்டவும் கூடாது. பிடிபட்டால் பெரிய அபராதம், பெட்டியும் பறிபோகும். காருக்குள் தெரியாமல் பதித்துத் தருகிற ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்ட காசுக்கு இன்னொரு பழைய கார் வாங்கலாம். வலன்ரைன் நாற்பத்தைந்து யூரோவுக்கு ஆக மலிவானதை எடுப்பித்தார். பார்சல் என் விலாசத்துக்கு வந்தது. அவர் வீட்டில் வரும் பார்சல்களைச் சுஜானி பிரித்துவிடுவா.

இனி அதை ஒளிக்க வேண்டும். முதலில் காரின் முன் கம்பிச் சட்டத்துக்குப் பின்னால் கட்டினார். ஒரு மழையோடு அது இரண்டு நாள் ஊமையாகிவிட்டது. வெயில் மறைப்புக்குள் செருகினார்; மறைப்பு வீங்கிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங்குக்குக் கீழே இரும்புத் தகட்டோடு வைத்தார். இரும்பு குறுக்கே நின்றால் அதற்குக் காது கேட்காது. கடைசியில் கண்ணாடிக்கு முன்னால் ஒரு டிஷ்யூப் பெட்டிக்குள் வைத்தார். அடுத்த நாளே மகள் மூக்குத் துடைக்கக் கையை விட்டு வயரைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

அந்தக் காரில் கண்ணாடிக்குக் கீழே ஒரு சாந்தா றோசாலியா சுருபம் இருந்தது. ஒரு சாண் உயரம், வெறும் பிளாஸ்ரிக், உள்ளே ஒன்றும் இல்லாத கோறை. கார் வாங்கிய கிழமை சுஜானி மலையடிவாரக் கடையில் வாங்கி, குருவானவரிடம் மந்திரிப்பித்து ஒட்டியது. றோசாலியா இந்த நகரத்தின் காவல் புனிதை. கத்தோலிக்கர், சைவர் என்று பாராமல் எங்கள் சனம் ஞாயிறு விடியற்காலையில் அவவின் மலைக்கு நடந்து ஏறும். நாங்கள் கூப்பிடுவது றோசாலியம்மா என்று.

"மச்சான், அம்மாவின்ரை உடுப்புக்குள்ளை வை. பொலிஸ்காரன் அங்கை கை வைக்கமாட்டான்" என்றேன்.

பகிடிக்குத்தான் சொன்னேன். அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு என்னைத் திட்டினார். மூன்றாம் நாள் சுருபத்தை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு என் குசினிக்கு வந்தார். நான் திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அவர் அடித்தட்டை வெட்டினார், நான் ரோர்ச் பிடித்தேன். பெட்டியின் வெளிக் கோதைக் கழற்றி, உள்ளே இருந்ததை மட்டும் வைத்து, சத்தத்தை நிறுத்தி, வயரைக் கண்ணாடிக்குக் கீழுள்ள இடுக்கால் இறக்கினோம். தனி ஸ்விட்ச் வைக்கவில்லை, காரை எடுத்தால் அதுவும் உயிர்க்கும். ரேடார் கிட்ட வந்தால் அம்மாவின் காலடியில், உடுப்பின் விளிம்புக்குள், ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் தெரியும். அவ்வளவுதான்.

அடுத்த மாதம் ஒரு பொலிஸ்காரன் எங்களை மறித்தான். பத்திரங்களைப் பார்த்தான், சுருபத்தைப் பார்த்தான், விரலால் தொட்டு விரலை முத்தமிட்டான், போகச் சொன்னான். நாங்கள் வீடு வரும்வரை வயிறு நோகச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

ஒரு ஞாயிறு சுஜானி பக்கத்தில் இருக்கும்போது வெளிச்சம் வந்தது. வலன்ரைன் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தார். வளைவு தாண்டினால் இரண்டு கார் மோதிக்கொண்டு பாதையை அடைத்து நின்றன. பக்கத்தில் ரேடாரோடு பொலிஸ். சுஜானி மோதின கார்களை மட்டும்தான் கண்டா. அம்மாவின் காலில் தெரிந்தது என்ன வெளிச்சம் என்று கேட்டா. உண்மையைச் சொன்னால் பெட்டியும் போகும், காரும் போகும். தனக்கும் தெரியவில்லை என்று வலன்ரைன் சொல்லிவிட்டார்.

அம்மா வெளிச்சம் காட்டிக் காப்பாற்றினா என்று சுஜானி அன்றே அக்கம்பக்கத்தில் சொன்னா. எங்கள் சனத்துக்கு இது போதும். கிழமைக்கு இரண்டு பெண்களாவது அந்தக் காரில் ஒரு சுற்றுப் போக வந்தார்கள். ஒருத்திக்கு மகனின் பெர்மெஸோ, அதுதான் இங்கே இருக்கிற அனுமதி, புதுப்பித்து வரவேண்டும், ஒருத்திக்குப் பிள்ளை இல்லை. காணிக்கை தந்தால் வலன்ரைன் வாங்கமாட்டார். ரேடார் இல்லாத தெருக்களாகப் பார்த்து ஓடிவிட்டு இறக்குவார். வெளிச்சம் வராதவர்கள் தங்கள் விசுவாசம் காணாது என்று தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. கழற்றப்போகிறேன் என்று என்னிடம் சொல்வார். ஞாயிறு வரட்டும் என்பேன். ஞாயிறு வந்தால் இருவரும் விமான நிலையப் பாதையில் நிற்போம்.

இராசேஸ்வரி அக்கா எங்கள் தெருக்காரி. ஐம்பத்தாறு வயது, சைவம், புங்குடுதீவு. மூன்று வீடுகளில் வேலை செய்து தனியே இருந்தா. நெஞ்சில் ஒரு கட்டி வந்து, புதன்கிழமை வெட்டி எடுப்பதாக ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். கத்தி என்றால் அக்காவுக்கு உயிர்ப் பயம். அந்தக் கிழமை திங்கள் வலன்ரைன் வேலையால் வர, அக்கா குளித்து, திருநீறு பூசி, காருக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றா. ஏற்றாமல் விட முடியவில்லை.

ஓடத் தொடங்கிய பிறகுதான் நேர்த்தியைச் சொன்னா. வெளிச்சம் வந்தால் அம்மா சுகமாக்கிவிட்டா என்று அர்த்தம், ஒப்பரேஷன் வேண்டாம். வராவிட்டால் புதன்கிழமை போய்ப் படுப்பது. வலன்ரைன் பெரிய தெருக்களை எல்லாம் விட்டுத் துறைமுகத்துப் பின்தெருக்களுக்குள் இறங்கினார். அங்கே எந்த ரேடாரும் இல்லை. ஆனால் நாற்பத்தைந்து யூரோப் பெட்டிக்கு ரேடாருக்கும் கடைக் கதவுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆள் வரத் தானாகத் திறக்கிற கதவுகளிலும் அதே மாதிரி அலைதான். ஒரு சுப்பர்மார்க்கெட் வாசலைத் தாண்டும்போது யாரோ வெளியே வந்தார்கள், கதவு திறந்தது, அம்மாவின் காலடியில் வெளிச்சம் வந்தது.

அக்கா கையெடுத்துக் கும்பிட்டா. பிறகு வாய்விட்டு அழுதா, அழுதுகொண்டே சிரித்தா, வலன்ரைனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினா. அவர் காரை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

அக்காவை இறக்கிவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். இப்போதே போய் அக்காவிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றார். இப்ப வேண்டாம், மனுசி சந்தோசமாக இருக்கிறா, சனம் முழுக்க எங்களைக் கிழித்துவிடும், முதலில் பெட்டியைக் கழற்று, பிறகு ஏதாவது சாட்டுச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று நான் சொன்னேன். எங்களை என்று சொன்னேனே தவிர, நான் பயந்தது எனக்காக. செவ்வாய் நானே அக்காவிடம் போய், எதற்கும் ஒருக்கால் டாக்டரைப் பாருங்கோ என்றேன். காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு ரெலிபோன் அடித்து ஒப்பரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அக்கா சொன்னா. தேத்தண்ணியும் தந்தா. குடித்துவிட்டு வந்தேன்.

புதன்கிழமை அப்படியே போனது. வியாழன் வலன்ரைன் என்னிடம் கேட்காமல் சுருபத்தைக் காரிலிருந்து பிடுங்கி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். ஜன்னலால் கண்டு நானும் பின்னால் ஓடி வாசலோடு நின்றேன். அவர் சுருபத்தை மேசையில் குப்புறக் கிடத்தி, உள்ளே இருந்ததை வயரோடு வெளியே எடுத்து வைத்தார்.

"அக்கா, இது அம்மா காட்டின வெளிச்சம் இல்லை. நான் பூட்டின சாமான்."

எதற்கு என்று அக்கா கேட்டா. வேகமாக ஓடும்போது பொலிஸ் பிடிக்காமல் இருக்க என்றார். அக்கா அந்தச் சாமானைத் தொடவில்லை.

"அண்டைக்கு நான் அழேக்கை நீர் பக்கத்திலைதானே இருந்தனீர்?"

"ஓம் அக்கா."

"பாத்துக்கொண்டு இருந்தனீர்."

"ஓம்."

ஆர் இதைச் சேர்ந்து செய்தது என்றும் கேட்டா. நான் தனியத்தான் என்றார் வலன்ரைன். நான் அவருக்குப் பின்னால் நாலு அடியில் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம்.

அக்கா எழும்பி உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றா. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், அந்த நாளை வேறொரு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது என்றாள். வலன்ரைன் தனக்குத் தெரிந்த இத்தாலியன் முழுவதையும் கொட்டிக் கெஞ்சினார். பிழை என்னுடையது, என்னுடையது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிழை யாருடையது என்பதில் அவளுக்கு ஒரு அக்கறையும் இல்லை. ஏழு கிழமை கழித்து ஒரு நாள் தந்தாள்.

அந்த ஏழு கிழமைக்குள் அவர் காரை விற்றார். சுஜானியிடம் சொன்னார், குருவானவரிடம் சொன்னார், காரில் ஏறிய பெண்கள் ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய்ச் சொன்னார். சிலர் கதவைச் சாத்தினார்கள். பாடகர் குழுவில் இருந்து தானே விலகிக்கொண்டார். பூசை முடிந்து கதிரை அடுக்க மட்டும் வந்தார். ஒரு இடத்திலும் என் பெயர் வரவில்லை. வருமோ என்று நான்தான் ஒவ்வொரு ஞாயிறும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

ஒப்பரேஷன் நடந்தது. கட்டி கையிடுக்கு வரைக்கும் போயிருந்தது. அது முதலிலேயே போனதா, அந்த ஏழு கிழமைக்குள் போனதா என்று வலன்ரைன் டாக்டரிடம் கேட்டார். சொல்ல முடியாது என்றார் டாக்டர். வலன்ரைன் அதை நம்பவில்லை. எது என்று தனக்குத் தெரியும் என்றார். இப்போது மூன்று கிழமைக்கு ஒருமுறை அக்காவுக்கு மருந்து ஏற்றுகிறார்கள். வலன்ரைன் லீவு போட்டு, ஒரு பழைய நாலு கதவுக் காரில் கூட்டிக்கொண்டு போவார். அக்கா ஏறுவா, இறங்குவா, அவரோடு அதிகம் கதைக்கமாட்டா.

போன முறை நானும் கூடப் போனேன். எங்களை வாசலில் இறக்கிவிட்டு அவர் காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு பக்கத்துக் கதிரையில் இருந்தா. முகம் நன்றாக மெலிந்திருந்தது. வேண்டாம் என்றாலும் விடாமல், தன் பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து உரித்து, பாதியை எனக்குத் தந்தா.

"அவர் ஒரு விசர் மனுசன், ஏதோ யோசியாமல் செய்து போட்டார்" என்றா. "நீர் எந்த நேரமும் அவரோடை திரிஞ்சனீர். உமக்காவது புத்தி இருக்கு. ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா கேட்டிருப்பார்."

"ஓம் அக்கா" என்றேன். "நான் சொன்னால் கேட்பார்."