பரீட்சை முடியட்டும்

தம்பியைப் பிணையில் எடுக்க இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். திருவிழாக் கைகலப்பில் உள்ளே போனவனுக்காக யார் முன்வருவார்கள்? அம்மா தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த ஈரச் சேலையோடு வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். கடைசியில் தோட்டத்தின் மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் மாமாவும் வட்டவளையில் கடை வைத்திருக்கும் ஒருவரும் மனமிரங்கினார்கள்.

அந்தச் செய்தியைச் சொல்லத்தான் சிறைக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றவன் சந்தோஷப்படவில்லை.

"இப்ப வேணாம்க்கா. பரீட்சை முடியட்டும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாதாரண தரப் பரீட்சையை எழுதாமலே பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஓடியவன் இவன். இப்போது சிறை வகுப்பில் சேர்ந்து அதே பரீட்சையை எழுதப்போகிறானாம். நானோ தோட்டப் பாடசாலை ஆசிரியை. வீட்டில் நான் எத்தனை முறை தலையில் குட்டியும் ஏறாத படிப்பு இங்கே எப்படி ஏறியது? ஐந்தில் வளையாதவன் இருபத்தாறில், அதுவும் கம்பிக்குப் பின்னால் வளைகிறான். கோபம்தான் முதலில் வந்தது. அடுத்து கொஞ்சம் பொறாமையும் வந்தது; எவரோ ஒருவர் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாரே.

போன முறை அவன் கேட்டு நான் கொண்டுபோன, வட்டம் போடும் கவராயத்தை, முனை கூராக இருக்கிறதென்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள்; வேறு யாருக்கோ கேட்கிறான் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது போத்தல் மூடியை வைத்து வட்டம் வரைகிறானாம்.

"அப்படி என்னடா இருக்கு அதுல?"

"கணக்கு தப்பாப் போனா அழிச்சிட்டுத் திரும்பப் போடலாம்க்கா."

அடுத்த கிழமை அம்மாவையும் கூட்டிப்போனேன். பெற்றவள் அழுதால் பிள்ளை இறங்கி வருவான் என்று கணக்குப் போட்டேன். அம்மா அழவில்லை.

"வீட்டுல படிய்யா. நாங்க டிவியே போட மாட்டோம்."

அவன் சிரித்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"நான் வேலைக்குப் போகாம புத்தகத்த வச்சிக்கிட்டு உக்காந்தா, நீங்க பாத்துக்கிட்டு சும்மா இருப்பீங்களாம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிடும்மா என்று எனக்குள் கெஞ்சினேன். அம்மா வலையில் விரலைக் கோத்துக்கொண்டு யோசித்தார்.

"இருக்க மாட்டேன்யா. சாமான் கடன் தந்த கடைக்காரனுக்கு என்ன பதில் சொல்றது?"

"அதாம்மா."

இருவருக்கும் வருத்தம் இல்லை போலிருந்தது. எனக்குத்தான் ஆறவில்லை. படிப்பு உங்களைக் கரையேற்றும் என்று நாள்தோறும் பிள்ளைகளிடம் சொல்கிறவள் நான். அந்தப் படிப்புக்கு எங்கள் இரண்டு காம்பரா லயத்து வீட்டில் உட்கார இடமில்லை, சிறையில் இருக்கிறது. இதை எந்த வகுப்பில் போய் எப்படிச் சொல்வது? இன்றுவரை எனக்குத் தெளியவில்லை.

வெளியே வந்ததும் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"மாமாகிட்ட நீ போய்ச் சொல்லு. எனக்கு வாய் வராது."

"என்னன்னும்மா சொல்ல?"

"புள்ள இப்ப வர வேணாம்னு ஆத்தாகாரி சொல்லிட்டான்னு சொல்லு."

அட்டன் பஸ் வந்தது. அம்மா எனக்கு முன்னால் ஏறி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.