சிஸ்டர் சொன்ன கடைசிப் பாகம்

மைசூரில் நான் டயாலிசிஸுக்குப் போகும் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இருந்தார். ஒல்லியான உருவம், வேகமான நடை. ஊசி போடும்போது மற்றவர்கள் எறும்பு கடித்தமாதிரிதான் இருக்கும் என்பார்கள். இவர் மட்டும், “வலிக்கும்க்கா, பத்து எண்ணுங்க” என்பார். எட்டு எண்ணுவதற்குள் வலி அடங்கிவிடும்.

நான்கு மணி நேரம் மெஷினோடு கிடக்க வேண்டும். பிரஷர் பார்க்க வரும்போதெல்லாம், தான் படிக்கும் இங்கிலீஷ் நாவலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். குடிதண்ணீரைக்கூட அளந்து கொடுக்கும் ஓர் அரசாங்கம். அதை எதிர்த்து நிற்கும் பதினாறு வயதுப் பெண். மூன்று பாகம். முதல் இரண்டையும் டியூட்டி முடிந்த பிறகும் நின்று சொன்னார். மூன்றாவதில் குரல் இறங்கிவிட்டது.

“எல்லாம் ஜெயிச்சப்புறம் அவ செத்துப் போயிடறாக்கா. எனக்கே பேஜாராயிடுச்சு. எழுதுனவங்களுக்கு என்ன அவசரமோ.”

“முடிவை மாத்திச் சொல்லியிருக்கலாமே சிஸ்டர். எனக்குத் தெரியவா போகுது?”

“ஊசிக்கே பொய் சொல்றதில்ல, இதுக்குச் சொல்வேனா?” என்றவர், என் கைக்கட்டைச் சரிசெய்தபடி, “கடைசியில ஒரு நர்ஸ் அவ கையப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தா. அந்த ஒரு பக்கம் மட்டும் சென்னாகிருந்துச்சு” என்றார். நன்றாக இருந்தது என்பதைக் கன்னடம் கலந்து அப்படித்தான் சொல்வார்.

அவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போன பின், மகளிடம் சொல்லி அந்தப் பாகத்தை வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். அந்தப் பெண் சாகத்தான் செய்கிறாள். ஆனால் அவள் பக்கத்தில் யாருமே இல்லை. கடைசி அத்தியாயத்தை மூன்று முறை புரட்டிவிட்டேன். புத்தகத்தில் நர்ஸே கிடையாது.