விதைக் குதிரில் பாதி

வெர்நேரோ பெற்றது நான்கு. மூன்றை மணல்மேட்டில் புதைத்தாயிற்று. மிஞ்சியவள் ஆறு வயது தாமித். அவள் தும்மினால்கூட வெர்நேரோ நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

முந்தைய வருடம் ஆறு சரியாகப் பொங்கவில்லை. விளைந்ததே பாதி, கோயில் களஞ்சியத்துக்கு அளந்தது போக வீட்டுக்கு வந்தது கொஞ்சம். இந்த வருடம் வெள்ளம் தாராளமாக வந்து வயல்களெல்லாம் மூழ்கிக் கிடந்தன. வயலில் வேலை இல்லாத அந்த மாதங்களில்தான் அரசனின் கல்லறைக்குக் கல் இழுக்க ஆண்களைக் கூட்டிப் போவார்கள். கணவன் கென்னாவின் பெயரும் வந்துவிட்டது.

கிளம்புவதற்கு முன் நான்கு சாக்கு விதைக் கோதுமையைச் சின்னக் குதிரில் கொட்டி, மேல்வாயையும் அடிவாயையும் மண் பூசி மூடினான்.

"இதுல கைய வைக்கக் கூடாது புள்ள. பட்டினி கெடந்தாலும்."

"நான் என்ன எலியா?" என்றாள் வெர்நேரோ.

அவன் போன பன்னிரண்டாம் நாள் தாமித்துக்குக் காய்ச்சல் கண்டது. ஒன்பது நாள் அனலாய்க் கொதித்து இறங்கியபோது பிள்ளை எலும்பும் தோலுமாக இருந்தாள். மீன் கொடுத்தால் வாந்தி. தாமரைக் கிழங்கை வேகவைத்துக் கொடுத்தால் வாயைத் திறக்கவில்லை. "ரொட்டி" என்று மட்டும் முனகினாள். பார்லிப் பானை காலியாகி நாளாகியிருந்தது. பக்கத்து வீடுகளிலும் அதே கதைதான்.

ஒரு நண்பகலில் வெர்நேரோ குதிரின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அடிவாயின் மண்ணைப் பெயர்த்து ஒரு சிறு கூடை கோதுமை எடுத்தாள். அரைத்துச் சுட்ட ரொட்டியைத் தாமித் மென்று விழுங்கியதைப் பார்த்தபோது, இந்த ஒரு முறையோடு போதும் என்று நினைத்தாள். நான்கு நாளில் மறுபடி எடுத்தாள். ஒவ்வொரு முறையும் புது மண் குழைத்துப் பூசினாள். பிள்ளையின் கன்னம் தேறத் தேறக் குதிர் இறங்கிக்கொண்டே வந்தது.

பக்கத்து வீட்டு ஹுத்தியா நெருப்பு வாங்க வந்தவள் சுற்றிலும் கண்ணை ஓட்டினாள்.

"என்னடி, குதிரு அடியில ஈரமா இருக்கு?"

"எலி ஓட்டை போட்டுடுச்சு."

"ரொட்டி சுடுற எலியா? வாசனை எங்க வீடு வரைக்கும் வருதே."

அன்றிலிருந்து வெர்நேரோவுக்கு நிம்மதி போயிற்று. காலையில் எழுந்ததும் வரப்பைப் பார்க்க ஓடுவாள். தண்ணீர் வடிந்து முதலில் வரப்பு தெரிந்தது, பிறகு ஈச்சமரங்களின் அடி, அப்புறம் பளபளவென்று கருஞ்சேறு. ஊரே சேற்றைப் பார்த்துச் சிரித்தது. அவள் மட்டும் ஊருக்கு வரும் வழியைத் திரும்பிப் பார்த்தாள். சேறு தெரிந்தால் கென்னா வந்துவிடுவான்.

தாமித்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அரை நாள் நடந்து அண்ணன் பஷேது வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, ரெண்டு சாக்கு விதை வேணும்."

"எனக்கே பத்தலை. நான் எங்க போவேன்?" அவன் தலையைச் சொறிந்தான். "உடைக்காத முழுப் பருப்பு ஒரு கூடை இருக்கு. வெங்காய விதையும் தரேன். கொண்டு போ."

அவள் வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கென்னா வந்தான். கயிறு அறுத்த தோள்பட்டை புண்ணாகியிருந்தது. ஓடி வந்த மகளைத் தூக்கினான். "காலையில குதிரத் திறந்துடலாம்" என்றான்.

வெர்நேரோ அவனுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடப் பொறுக்கவில்லை. "நானே திறந்துட்டேன்" என்றாள். காய்ச்சலையும், அண்ணன் கொடுத்த பருப்பையும் சொன்னாள்.

"எவ்வளவு எடுத்த?"

"பாதி."

அவன் மகளை இறக்கிவிட்டுக் குதிரின் மேல்வாயை உடைத்துக் கையை விட்டான். தோள் வரை போன பிறகுதான் கோதுமை தட்டுப்பட்டது. கையை உதறிவிட்டு வயல் பக்கம் போனான். அண்ணன் வீட்டுக்கே துரத்திவிடுவான் என்று வெர்நேரோ தன் இரண்டு துணிகளையும் செம்புக் கண்ணாடியையும் கூடையில் எடுத்து வைத்தாள்.

விடிந்ததும் கென்னா வாசலில் ஏரோடு நின்றான்.

"உன் அண்ணன் கொடுத்த பருப்பு எங்க?"

"எதுக்கு?"

"மேட்டு வயலுக்கு. ஈரம் காயுறதுக்குள்ள போடணும். வா."

இருந்த கோதுமையைப் பள்ளத்து வயலில் விதைத்தார்கள். மேட்டில் பருப்பும் வெங்காயமும். மூன்று நாளும் அவன் வேலைப் பேச்சு மட்டுமே பேசினான். நான்காம் நாள் மாடுகளைத் திருப்பும்போது கேட்டான்.

"காய்ச்சல்ல என்னைக் கூப்பிட்டாளா?"

"தினமும் கூப்பிட்டா."

அவன் மாடுகளைத் தட்டி நடத்தினான்.

அறுவடை வரை வெர்நேரோ வயலையே சுற்றி வந்தாள். காடைக் கூட்டம் இறங்கினாலும் பயம், மேகம் கறுத்தாலும் பயம். பள்ளத்து வயல் நன்றாகத்தான் விளைந்தது. கோயிலுக்குக் கொடுத்து, அடுத்த விதைக்கு ஒதுக்கியபின் பத்து நாளைக்கு ஒருமுறை கோதுமை ரொட்டி சுடும் அளவுக்கு மிஞ்சியது.

மற்ற நாளெல்லாம் பருப்பும் வெங்காயமும்தான்.

"மறுபடியும் பருப்பா?" என்று தாமித் முகத்தைச் சுளிப்பாள். வெர்நேரோ அவள் கிண்ணத்தில் இன்னும் ஒரு அகப்பை போடுவாள்.