செவலைக்கு வந்த சர்க்கரை வியாதி

நாய்க்குச் சர்க்கரை வியாதி வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான்தான் முதலில் சிரித்திருப்பேன். உலகச் சண்டை நடந்த காலம் அது. தா.பழூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் அந்த வியாதி என் அப்பா ஒருவருக்குத்தான் இருந்தது. காலையும் மாலையும் தன் தொடையில் தானே ஊசி குத்திக்கொள்வார். அதை வேடிக்கை பார்க்கவே ஆள் வரும்.

எங்கள் செவலை நாய்க்கு எட்டு வயது. நான் வயலுக்குப் போனால் கூடவே வரும், மடையில் இறங்கினால் கரையில் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கோடையில் அது மாட்டுத் தொட்டியில் வாய் வைத்தால் எடுப்பதாக இல்லை. வைத்த சோற்றையெல்லாம் தின்றும் விலா எலும்பை எண்ணிவிடலாம் போல இளைத்தது. உடம்புச் சூடு என்று நானே முடிவுகட்டித் தினமும் ஒரு சொம்பு பதநீர் ஊற்றினேன். ஆசையாகக் குடித்தது. எனக்குப் பெருமை வேறு. அது ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்திருப்பதைக் கவனித்தவர் அப்பாதான். குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நம்ம சீக்குதான்டா இதுக்கும்" என்றார்.

நம்பாமல்தான் வண்டி கட்டி அரியலூர் மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் அதன் மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். நீலம் போய்ச் செங்கல் நிறமானது; சர்க்கரை இருந்தால் அப்படி மாறுமாம்.

"இன்சுலின்னு ஒண்ணு உடம்புக்குள்ளயே ஊறணும். இதுக்கு ஊறல. உங்க அப்பா போட்டுக்கிற மருந்துதான் இதுக்கும். தெனம் போடணும், ஆயுசு பூரா. முடியாதுன்னா நோவாம ஒரே ஊசியில முடிச்சுடலாம். யோசிச்சு சொல்லுங்க" என்றார். ஊசி போட்டதும் சோறு வைக்க வேண்டும் என்றும் சொன்னார். ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

யோசிக்க என்ன இருக்கிறது? பதநீர் ஊற்றிய கை என் கை. ஆனால் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"மருந்து கெடைக்காதுன்னு சொல்லலடா. எனக்கு எதுக்குக் குத்திக்கிறேன்னு எனக்குத் தெரியும். அதுக்கு என்ன தெரியும்? நீ தெனம் வந்து குத்துற, அதான் தெரியும். பேசாம டாக்டர் சொன்ன மாதிரி முடிச்சுடு."

எனக்கு மூக்கின் நுனியில் கோபம் நிற்கும் வயது அது. இப்போதும் ஒன்றும் இறங்கிவிடவில்லை. "ஒங்க உசுரு மட்டும் வெல்லக்கட்டி, அது உசுரு மண்ணாங்கட்டியாப்பா?" என்று கத்திவிட்டேன். அடுக்களையிலிருந்து அம்மா ஓடிவந்தாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சொல்லியிருக்கக் கூடாது என்று அந்த நிமிஷமே தெரிந்தது. ஆனால் தப்பை ஒத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கிடையாது.

அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு திருச்சி போய் நாய்க்கென்று தனி மருந்து வாங்கிவந்தேன். மருந்து சூட்டில் கெடாமலிருக்க வைத்த ஈர மணல் பானையில் அப்பாவின் மருந்தும் நாயின் மருந்தும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. காலையில் ஒரே அடுப்பில் முதலில் அவர் ஊசி கொதிக்கும், பிறகு நாயுடையது. "ஊசிய எறக்கியாச்சான்னு கேளு" என்பேன் அம்மாவிடம். "எறக்கியாச்சுன்னு சொல்லு" என்பார் அவர். மூன்று பேரும் நிற்பது அதே அடுப்பங்கரையில்தான்.

ஒரு மாதத்தில் நாய் தேறியது. தொட்டித் தண்ணீரை மறந்தது, விலாவில் சதை பிடித்தது, மறுபடியும் வயலுக்கு வந்தது. அப்பா காதில் விழட்டும் என்றே அம்மாவிடம் உரக்கச் சொல்வேன், "பாத்தியாம்மா, எப்படி இருக்கு பாரு!" ஒன்றை மட்டும் சொல்லவில்லை. காலையில் என் காலடிச் சத்தம் கேட்டதும் நாய் வாலைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொள்ளும். அப்பா சொன்னது அதைத்தான். எனக்குத் தோற்க மனமில்லை.

ஆடி அமாவாசை வந்தது. அப்பா கொள்ளிடத்தில் முழுகி, பெரியவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வருவதற்காக விடிந்ததும் வண்டி பூட்டினார். நான் வழக்கம்போல் ஊசியோடு கொட்டகையில் நின்றேன். போட்டு முடித்து, பழைய சோறு எடுக்க உள்ளே போனால், பானையைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள் அம்மா. அமாவாசைக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் சோறு மிச்சம் வைப்பதில்லை.

"புதுசா வடிக்கிறதுலேருந்து ஒரு கைப்பிடி குடும்மா."

"நல்லாருக்குடா! பெரியவங்களுக்குப் படைச்சு, காக்கா எடுக்குறதுக்கு முன்னாடி நாய்க்கு வைக்கிறதா? அப்பா வரட்டும்."

நான் வற்புறுத்தவில்லை. அன்றைக்கு எந்த வீட்டிலும் அதே பதில்தான் கிடைக்கும். தவிர, ஊசிக்குப் பின் வைக்கும் சோறு நாயைச் சமாதானப்படுத்தத்தான் என்று நினைத்திருந்தேன். குழந்தைக்கு மருந்து புகட்டியதும் சர்க்கரை கொடுப்பதுபோல. கொஞ்சம் தாமதமானால் என்ன?

வெயில் ஏறியபோது நாய்க்கு நடுக்கம் கண்டது. எழுந்து கள் குடித்தவன் போலத் தள்ளாடி நாலடி நடந்து விழுந்தது. கால்கள் நான்கும் இழுத்துக்கொண்டன. பாம்புதான் தீண்டிவிட்டது என்று உடம்பெல்லாம் தடவிப் பார்த்தேன். தண்ணீர் புகட்டினேன், இறங்கவில்லை. என் மடியிலேயே அடங்கியது.

சற்றைக்கெல்லாம் வண்டி வந்தது. அப்பா ஈர வேட்டியோடு இறங்கி, நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சோறு வச்சியா?" இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

"இல்ல. இன்னும் படைக்கலியே."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "வெறும் வயித்துல அந்த மருந்து ஆளையே சாய்ச்சுடும்டா. அமாவாசையன்னிக்கு நான் எலை முன்னால ஒக்காந்தப்புறந்தான் போட்டுக்குவேன்."

அந்த ஊசியோடு வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்திய மனிதர் வீட்டிலேயே இருந்தார். நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாயின் தலை என் மடியில் கனத்தது. வாய்விட்டு அழுதேன்.

அப்பா குனிந்தபடியே சொன்னார், "காலையில நீ ஊசியோட நின்னதப் பாத்தேன். இன்னிக்கு அமாவாசைடான்னு சொல்ல வாயெடுத்தேன். நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. போடான்னு நானும் வண்டிய ஓட்டிக்கிட்டுப் போயிட்டேன்."

அவர் வாயெடுத்ததை நானும் பார்த்தேன். பார்த்துதான் திருப்பிக்கொண்டேன்.