ஆல்தாவுக்கு அடியில்

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற நம்மை, "வாங்க, காபி சாப்பிடுங்க" என்று உபசரித்த வீடு இந்தக் கொல்கத்தாவில் எத்தனை, சொல்லுங்கள்?

மூன்றாவது தடவை

பூஜை முடிந்த வாரம். கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில் ராஜி அக்காவுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று எங்கள் லேப் இரண்டு முறை எழுதிக் கொடுத்தாயிற்று. மறுபடியும் நான் போய் நின்றதும், துறைமுக ஆபீஸில் வேலை பார்க்கும் அவர் கணவர் சுந்தரம் சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவோ கண்ணைத் திறக்கவே முடியாமல் கிடந்தார். சார் சொன்னார்: "எடுத்த ரத்தத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்தாலே இவ எழுந்து உட்கார்ந்துடுவாம்மா."

போகாத சிவப்பு

கையை மூடச் சொல்லி ஊசி குத்தினேன். திறந்தால் உள்ளங்கை முழுக்க ஆல்தா, அதான் அந்தச் சிவப்புச் சாயம். முந்தாநாள் தசமிக்குப் பக்கத்து வீட்டு பௌதி, அதாவது வங்காளி அண்ணி, காய்ச்சல் என்றும் பார்க்காமல் பாசத்தோடு கையிலும் காலிலும் பூசிவிட்டாராம். வந்து பார்த்த டாக்டரும் அந்தச் சிவப்பை ஆல்தா என்றே விட்டிருக்கிறார். ஒரு சொட்டு ரத்தம் உள்ளங்கை வரை வழிந்ததை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். சாயம் பஞ்சோடு வந்தது. அடியில் இருந்த சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் போகவில்லை. பாதத்தைத் துடைத்தேன், அங்கேயும் அதே கதை.

நாய், பூனை உண்டா என்று கேட்டேன். சார் "சேச்சே" என்றார். அவர் உள்ளே போனதும் அக்கா என் கையைப் பிடித்தார். தினமும் கீழே ஒரு தெருநாய்க்குச் சோறு போட்டு, உண்ணி பிடுங்கி, நகத்தாலேயே நசுக்குவாராம். "அவர்கிட்ட சொல்லிடாதே, விரட்டிடுவார்."

ரப்பர் கையுறை

உயிர் போகிற நேரத்தில் என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கு! படியிறங்கும்போதே டாக்டருக்குப் போன் போட்டு, புள்ளிகளையும் உண்ணியையும் சொன்னேன். நாய் உண்ணியால் வரும் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம் என்று, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் அன்றே மருந்தை ஆரம்பித்தார். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. அப்புறம் வந்த ரிசல்ட்டும் அதையே சொன்னது. சந்தோஷத்தில் ஒரு டப்பா சந்தேஷ் இனிப்பு வாங்கி நானே தின்று தீர்த்தேன்.

மறுபரிசோதனைக்குப் போனபோது, வாசலில் சார் ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் அந்த நாய்க்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "கண்ணு முழிச்சதும் அவ கேட்ட முதல் வார்த்தை, 'அதுக்குச் சோறு வெச்சீங்களா'ன்னுதான். வெக்கலன்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா."

ஊசியைப் பார்த்ததும் ஊரே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, நல்லவேளை, கையை மட்டும் நம்மிடம் விட்டுவிடுகிறது.