காப்புக் கட்டிய குழந்தை

அன்றைக்கு ஊர் எல்லைக் கல்லருகே எல்லைப் பூசைக்கு நின்றவர்கள் நாலு பேர்: ஊர்க்கவுண்டரான பெரியப்பா, பெரியம்மா, மாரியம்மன் கோயில் பூசாரி, ஆறு வயதில் நான். கல்லுக்கு அந்தப்பக்கம் ஒருவன், அவன் மனைவி, அவள் இடுப்பில் வாடிய ஒரு பெண்குழந்தை. மலைக்கு மேலே கன்னட தேசத்தில் மழையில்லாமல், சத்தியமங்கலம் வழியாக நடந்தே வந்தவர்கள்.

மாரியம்மன் நோன்பு என்று ஊரறியச் சாட்டியிருந்தது. சாட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை வெளியூரார் உள்ளே தங்கக்கூடாது. மஞ்சள் காப்புக் கட்டியவர் எல்லை தாண்டக்கூடாது. மீறினால் அம்மை வரும். அந்தப் பயத்தில் எனக்குச் சோறே இறங்காது.

“நோன்பு முடிஞ்சு வரச்சொல்லுங்க பூசாரி,” என்றார் பெரியப்பா.

“அதுவரைக்கும் அந்தக் கொழந்தை தாங்குமாங்க?” என்றாள் பெரியம்மா. “தண்ணி கேட்டு வந்தவளை முடுக்கிப்போட்டு, ஏனுங்க, ஆத்தாளுக்கு எந்த மூஞ்சியோட பொங்கல் வெக்கறது?”

“அம்மை வந்துட்டா, அம்மணி?” என்றார் பூசாரி.

“மொதல்ல என் ஊட்டுக்கு வரட்டுமுங்க.”

சொன்னவள் குழந்தையை வாங்கிக் கல்லுக்கு இந்தப்பக்கம் வந்தாள். பூசாரியின் தட்டிலிருந்து காப்புக் கயிறு ஒன்றை எடுத்து அதன் கையில் கட்டினாள்.

“கட்டிப்போட்டேனுங்க. இனி இது எல்லை தாண்டுனா குத்தம் உங்க தலையில. கொழந்தைய உட்டுப்போட்டு ஆத்தாக்காரி போவாளா? அவளை உட்டுப்போட்டு அவன்தான் போவானா?”

பெரியப்பா பூசாரியைப் பார்த்தார். பூசாரி வானத்தைப் பார்த்தார்.

தோட்டத்துச் சாளைக் குடிசையில் தங்கினார்கள். நான் தினமும் விடிந்ததும் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை.

காப்பு அவிழ்த்த மறுநாள், “இனிக் கெளம்பலாமல்ல?” என்றார் பெரியப்பா.

“எப்படீங்க?” என்றாள் பெரியம்மா. “நோன்பு கும்பிட்ட குடும்பம், வரி ஒரு ரூபாயில்லீங்களா? எட்டணாத்தான் குடுத்திருக்கறான். பாக்கி வாங்காம அனுப்பிப்போட்டா, ஊர்க்கவுண்டரான உங்களையல்லீங்களா ஊரு கேக்கும்?”

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வரிக்காசை வாங்கி வைப்பவள் பெரியம்மாதான். மறுவருஷம் அவன் புது வரியோடு பழைய எட்டணாவையும் கொண்டுவந்தான். புது வரியை எண்ணி வாங்கினாள். எட்டணாவை மட்டும், “அதுக்கென்ன அவசரம், அப்பறம் பாக்கலாம்,” என்று திருப்பிக் கொடுத்தாள். ஒவ்வொரு வருஷமும் இதே கதை. பெரியம்மாவுக்குக் கணக்குத் தெரியவில்லை என்றே நினைத்தேன். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே தெரிந்த கணக்கு!

பெரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். காப்புக் கட்டிய குழந்தை இன்று பேத்தி எடுத்துவிட்டாள். அவர்கள் ஊருக்குத் தரவேண்டிய பாக்கி இன்னும் அதே எட்டணா.